மலிவும் மாற்றும்

வடமேற்கு இத்தாலியின் பியெமொந்தே பிராந்தியத்தில் அல்பா என்றொரு சிறு நகரம் உண்டு. அதனைச் சூழ்ந்துள்ள லாங்கே குன்றுகளில் நெபியோலோ என்னும் கறுத்த முந்திரிகை இனம் பயிராகின்றது. அந்நகரத்துக் கடையொன்றில் இரண்டு வைன் போத்தல்கள் அருகருகே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் உள்ளது நெபியோலோவைப் பிழிந்து புளிக்கவைத்த சிவப்பு வைனே. இரண்டையும் ஆக்கியவர் ஒரே கமக்காரர். ஒன்றின் மேல் ‘பரோலோ’ என்றும், மற்றதன் மேல் ‘லாங்கே நெபியோலோ’ என்றும் எழுதப்பட்டிருக்கின்றது. இரண்டாவதன் விலை பெரும்பாலும் முதலாவதன் விலையிற் பாதிதான். சிலவேளை அதனினும் குறைவு. கடைக்கு வருபவர் முதலாவதை நிமிர்ந்து நின்று கேட்கிறார். இரண்டாவதைக் கேட்பவரோ, ஏதோ பிழை செய்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

குரல் தாழ்வது ஏன் என்பதே நம் வினா.

‘குடிவகையின் விலை பற்றி எழுதத்தான் இத்தாளும் மையுமா?’ என்று நண்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். குடியினாற் சிதைந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அக்கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. ஆயினும், இத்தாலியக் கமக்காரனின் வீட்டில் வைன் நெடுங்காலமாக ரொட்டியோடும் ஒலிவ எண்ணெயோடும் சேர்த்து எண்ணப்பட்ட உணவுப் பொருள். அவனுடைய மேசையில் இருந்த அதே பொருள் செல்வந்தரின் நிலவறையில் முதலீடாக மாறிய கதை, விலை என்பது என்ன, மதிப்பு என்பது என்ன என்ற வினாவை மிகத் தெளிவாக நம்முன் வைக்கின்றது. ஆதலால், ஒரு துளியும் பருகாதவர்களும் இவ்வினாவைப் பருகிப் பார்க்கலாம்.

பரோலோவின் விலையுள் என்னென்ன அடங்கியுள்ளன? முதலாவது, காலம். நெபியோலோவின் துவர்ப்பு இளமையில் நாவை இறுக்கிப் பிடிப்பது. அது தணிய ஆண்டுகள் வேண்டும். சட்டப்படி பரோலோ 38 மாதங்களுக்குக் குறையாமல் முதிர வேண்டும். அவற்றுள் 18 மாதங்கள் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். இரண்டாவது, விளைவின் கட்டுப்பாடு. ஒரு ஹெக்டேயரில் 8 தொன் முந்திரிகைக்கு மேல் இந்தப் பெயரில் எடுத்தல் ஆகாது. மூன்றாவது, உழைப்பு. செங்குத்தான சரிவுகளிற் கொடியைக் கத்தரிப்பதும், மிகையான குலைகளை அகற்றுவதும், பழத்தைக் கொய்வதும் பெரும்பாலும் மனிதக் கைகளே. இம்மூன்றும் உண்மையான செலவுகள். இவற்றுக்கு விலை கொடுப்பதில் அநீதி இல்லை.

மலிவான போத்தல் இவற்றுட் சிலவற்றை வெளிப்படையாகவே விட்டுவிடுகின்றது. தொஸ்கானாவின் மொந்தால்சினோ என்னும் ஊரில் இதனை இன்னுந் துலக்கமாகக் காணலாம். அங்கே சாஞ்சோவேசே என்னும் ஒரே முந்திரிகையிலிருந்து இரண்டு வைன்கள் ஆக்கப்படுகின்றன. ‘புருனெல்லோ’ அறுவடைக்குப் பின்வரும் ஐந்தாம் ஆண்டின் ஜனவரி முதலாந் திகதிக்கு முன் விற்பனைக்கு வரலாகாது. ‘ரொஸ்ஸோ’வோ அடுத்த ஆண்டின் செப்டெம்பரிலேயே வெளிவரலாம். ஊர் ஒன்று, மண் ஒன்று, பழம் ஒன்று. வேறுபடுவது காத்திருப்பே.

ஆனால், காத்திருக்க யாரால் முடியும்? நிலவறையிற் பல ஆண்டுகளுக்குச் சரக்கைப் பூட்டி வைப்பதென்றால், அத்தனை ஆண்டுகளுக்கும் கூலியையும் கடனையும் வீட்டுச் செலவையும் வேறெங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். பெருமுதல் உள்ளவனுக்குக் காலம் இலாபம். சிறு கமக்காரனுக்குக் காலம் வட்டி. ஆகவே, விரைந்து விற்கக்கூடிய மலிவான வைன், வாங்குபவனுக்கு மட்டுமல்ல, ஆக்குபவனுக்கும் உதவுகின்றது. பெரிய வைன் பீப்பாயில் உறங்கும் காலத்தில் வீட்டில் அடுப்பெரிவது சிறிய வைனாலேயே. இவ்வாறு நோக்கினால், ரொஸ்ஸோவைப் புருனெல்லோவின் போலி என்று இகழ்வது அறியாமை. அது தன் வயதுக்கேற்ற முகத்தோடு வெளிவந்த அதே குடும்பத்துப் பிள்ளை.

விலையின் நான்காவது கூறு, பெயர். சிக்கல் தொடங்குவது இங்கேதான். தொஸ்கானாவின் கடலோரத்தில், பொல்கெரி என்னுமிடத்தில், ‘சஸிக்காயா’ என்றொரு வைன் உருவாக்கப்பட்டது. அதன் 1968 ஆம் ஆண்டு விளைவு 1971 இற் சந்தைக்கு வந்தது. இத்தாலியச் சட்டம் அங்கீகரித்த முந்திரிகைகளிலிருந்து ஆக்கப்படாமையால், சட்டத்தின் கண்ணில் அது ‘மேசை வைன்’. அதாவது ஏணியின் அடிப்படி. 1978 இல் லண்டனில் நடந்த ஒப்பீட்டுச் சுவைப்பில் அது உலகப் புகழ்பெற்ற வைன்களை முந்திற்று. 1994 ஆம் ஆண்டு விளைவிலிருந்தே அதற்கு உயர்ந்த சட்டப் பெயர் கிடைத்தது. அதற்கு முன்பே அதன் விலை மலையேறிவிட்டது. சட்டம் கொடுத்த தரமும் சந்தை கொடுத்த விலையும் ஒன்றையொன்று கவனியாமலே நடந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பெயரின் வலிமை நாவையும் விட்டுவைப்பதில்லை. 2008 இற் கலிபோர்னிய ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். இருபது பேருக்கு வைன் கொடுத்து, ஒவ்வொன்றின் விலையையும் சொன்னார்கள். ஒரே வைனை ஒருமுறை 10 டொலர் என்றும் மற்றொருமுறை 90 டொலர் என்றும் கூறியபோது, 90 டொலர் என்று கேட்டதே நன்றாயிருந்ததாகப் பருகியோர் உரைத்தனர். அவர்களுடைய மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது மிகுதியாகத் தொழிற்பட்டது. விலை சொல்லப்படாமற் கொடுத்தபோது அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அவர்கள் உணர்ந்த இன்பம் மெய்யானதே. பணம் சுவையாகவே உருமாறிவிட்டது. மனிதர்க்கிடையேயான உறவு, பொருளின் இயல்பான குணம் போலத் தோற்றங்காட்டும் மாயையைப் பற்றி மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்தில் ஆராய்ந்தார். அந்த மாயை ஒரு கிண்ணத்துக்குள்ளும் குடிபுகும் என்பதையே இப்பரிசோதனை காட்டுகின்றது.

லாங்கே குன்றுகளின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால் இம்மாயை இன்னுங் கலையும். இன்று பரோலோத் தோட்டங்களில் ஒரு ஹெக்டேயர் நிலம் 10 இலட்சம் யூரோவைத் தாண்டி விலைபோகின்றது. 2014 இல் இக்குன்றுகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஆனால், அல்பாவிற் பிறந்த எழுத்தாளர் பெப்பே பெனோலியோ 1954 இல் வெளியிட்ட ‘லா மலோரா’ என்னும் குறுநாவல் சித்திரிக்கும் லாங்கே வேறு. அங்கே தந்தையொருவன் வறுமையினால் தன் மகனை வேறொரு வாரக்குடியின் கமத்துக்குக் கூலியாளாக அனுப்புகிறான். 1977 இல் நூதோ ரெவெல்லி அதே மாவட்டத்துக் கமக்காரரின் வாய்மொழிகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அந்நூலுக்குத் ‘தோற்றோரின் உலகம்’ என்று பெயரிட்டார். தொஸ்கானாவிலோ, விளைவிற் பாதியை நிலவுடைமையாளனுக்கு அளக்கும் வார முறை நீண்டகாலம் நிலவியது; புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்தது 1964 இலேயே.

அன்றும் மண் இதுதான்; கொடியும் இதுதான். அந்த மண்ணிற் பொன் புதைந்து கிடந்ததென்றால், அதன்மேற் பசியோடு வாழ்ந்தவர்களுக்கு ஏன் அது தென்படவில்லை? மதிப்பு மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த பொருளன்று. பல தலைமுறைகளின் உழைப்பும், அறிவும், போக்குவரத்தும், விளம்பரமும், தொலைதூரச் செல்வந்தரின் ஆசையும் கூடி அதனை உண்டாக்கின. உண்டாக்கியோர் எல்லோரும் அதிற் பங்கு பெற்றார்களா என்பது வேறு வினா.

அவ்வாறாயின், விலையுயர்ந்தது எல்லாம் ஏமாற்று, மலிவானது எல்லாம் நேர்மை என்று முடிவுகட்டிவிடலாமா? நம்மவரிற் சிலர் அவசரப்பட்டு அப்படிச் சொல்வதுண்டு. 1986 ஆம் ஆண்டு அவர்களுக்கு விடை சொல்லும். பரோலோவுக்கு அயலிலே, அதே குனேயோ மாவட்டத்தில் ஆக்கப்பட்ட மலிவான வைனில், அதன் வலிமையைக் கூட்டிக் காட்டுவதற்காக மெதனோல் என்னும் நச்சு மதுசாரம் கலக்கப்பட்டது. நேர்வழியில் வலிமை கூட்டுவதைவிட அதற்குச் செலவு குறைவு என்பதே காரணம். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வேறு சிலர் கண்பார்வையை இழந்தனர். மாண்டவர்கள் நிலவறைச் செல்வந்தர் அல்லர். கடையில் மிகக் குறைந்த விலைப் போத்தலை நோக்கிக் கை நீட்டியவர்கள்.

நஞ்சு போத்தலுக்குள்தான் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. 2015 இல், தென்னித்தாலியின் புலியாவில், உண்ணும் முந்திரிகைத் தோட்டமொன்றிற் குலை திருத்திக்கொண்டிருந்த பெண்ணொருத்தி வேலைத்தலத்திலேயே உயிர் நீத்தாள். அற்பக் கூலிக்கு ஆட்களைத் திரட்டிக் கொடுக்கும் தரகர் முறையை அவளுடைய சாவு நாடறியச் செய்தது; அடுத்த ஆண்டே அத்தரகர்களையும் அவர்களைப் பயன்படுத்தும் முதலாளிகளையும் தண்டிக்கும் 199 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. இம்முறை ஏழைத் தெற்குக்கு மட்டும் உரியதென்று எண்ணினோரும் பின்னர் திருந்த வேண்டியதாயிற்று. 2024 இற் செல்வம் கொழிக்கும் லாங்கேயிலேயே, குடிபெயர்ந்து வந்த தொழிலாளரைச் சுரண்டிய தரகர் சிலரைப் பொலிசார் கைது செய்தனர். உயர்ந்த விலை உயர்ந்த கூலிக்குப் பிணை அன்று.

ஆகவே, மலிவில் இரண்டு வகை உண்டு. பெயருக்கும், நிலத்தின் சூதாட்ட விலைக்கும், இடைத்தரகருக்கும் போகும் பங்கைக் குறைத்துப் பெறுவது ஒரு மலிவு. கொய்பவளின் கூலியிலும் குடிப்பவனின் உயிரிலும் வெட்டிப் பெறுவது மற்றொரு மலிவு. இரண்டும் கடைத் தட்டில் ஒரே விலையோடு நிற்கலாம். அறநெறியில் அவை ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதல் வகை மலிவு வெறுங் கனவன்று. பரோலோவுக்கு அண்டையூரான பார்பரெஸ்கோவில் 1894 இல் தொமிட்சியோ கவாட்சா என்னும் ஆசிரியர், அல்பாவின் முந்திரிகைச் செய்கைக் கல்லூரியின் தலைவர், கமக்காரரைச் சேர்த்து ஒரு கூட்டுறவு வைன்சாலையை அமைத்தார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. 1958 இல் அவ்வூர்ப் பங்குக் குருவானவர், தனித்து நின்றாற் சிறு கமக்காரர் பிழைக்கமாட்டார் என்பதை உணர்ந்து, பத்தொன்பது பேரைக் கூட்டி அதனை மீண்டும் உயிர்ப்பித்தார். முதல் மூன்று விளைவுகளும் தேவாலயத்தின் நிலவறையிலேயே வைனாக்கப்பட்டன. இன்று ஏறத்தாழ ஐம்பது குடும்பங்கள், ஏறத்தாழ நூறு ஹெக்டேயர் நிலம். உறுப்பினர் தம் நெபியோலோ முழுவதையும் சங்கத்துக்கே கொடுக்க வேண்டும். பழத்தின் தரத்துக்கேற்ப அவர்களுக்குப் பணம் கிடைக்கும். அவர்களுடைய பார்பரெஸ்கோ, அதே ஊரின் புகழ்பூத்த போத்தல்களைவிடப் பன்மடங்கு குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றது. தரத்தில் அது தலைகுனிய வேண்டியதில்லை என்று சுவையறிந்தோர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். பக்கத்திலேயே அவர்கள் ஆக்கும் எளிய லாங்கே நெபியோலோவும் உண்டு. கூட்டுறவு என்ற பெயர் மட்டுமே நீதியைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அறுவடைக் காலத்துக் கூலியாளின் நிலையை அங்கும் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆயினும், விளைவிப்பவனைப் பட்டினி போடாமலே விலையைக் குறைக்கலாம் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

தமிழில் ‘மாற்று’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்றுக்குப் பதிலாக வருவது மாற்று. பொன்னை உரைகல்லில் உரைத்து அறியும் தரமும் மாற்றுத்தான். விலையுயர்ந்த ஒன்றுக்கு மாற்றுத் தேடுபவர் இரண்டாவது பொருளை மறக்கும்போதே போலிக்கு இரையாகிறார். ‘எது மலிவு?’ என்று மட்டும் கேட்பவர் 1986 இன் போத்தலையும் 1958 இன் போத்தலையும் வேறுபடுத்தி அறியமாட்டார். ‘இது யாருடைய பங்கைக் குறைத்து மலிவாயிற்று?’ என்று கேட்பவரே உரைகல்லைக் கையில் எடுத்தவர். அக்கேள்வியை விலையுயர்ந்த போத்தலிடமும் திருப்பிக் கேட்கலாம்: ‘இத்தனை பணத்தில் கொடியைக் கத்தரித்த கைக்குப் போனது எவ்வளவு?’

இதற்கு விடை போத்தலின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. திராட்சை இனம், ஊர், ஆண்டு, மதுசார அளவு எல்லாம் அதில் உண்டு, கூலி இல்லை. அதனைத் தனியொருவர் கடை வாசலில் நின்று கண்டறிந்துவிட முடியாது. தொழிற்சங்கமும், கூட்டுறவும், சட்டமும், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் மனவுறுதியும் வேண்டும். வாங்குபவரின் நற்குணத்தால் மட்டும் உலகு திருந்திவிடும் என்று நம்புவதும் ஒரு மாயையே. எனினும், அக்கேள்வி முதலிற் கேட்கப்பட வேண்டும். வகுப்பறையிற் கேட்கப் பழகிய மாணவன் பின்னர் சந்தையிலும் சபையிலும் அதனைக் கேட்பான்.

லாங்கே நெபியோலோவைக் கேட்க வந்தவர் குரலைத் தாழ்த்தத் தேவையில்லை. குறைந்த பணம் வைத்திருப்பது குற்றமன்று. பெயருக்குப் பணங் கொடுக்க மறுப்பதும் குற்றமன்று. அவர் நிமிர்ந்து நின்று அப்போத்தலைக் கேட்கட்டும். கேட்டபின், அதனை விளைவித்தவர் யார், கொய்தவர் யார், அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் அதே குரலிற் கேட்கட்டும்.