வழி யாருக்கு உரியது?

வழி யாருக்கு உரியது? நடப்பவனுக்கா, நிலம் உடையவனுக்கா? எளிய கேள்விதான். ஆயினும் இதற்கு விடை காண 1924-ஆம் ஆண்டில் வைக்கத்தில் ஒரு போராட்டமே தேவைப்பட்டது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாய் நடந்தது, மாடு நடந்தது, 'தாழ்ந்தவன்' என்று முத்திரை குத்தப்பட்ட மனிதன் மட்டும் நடக்கக்கூடாது என்றனர்! பெரியார் சென்றார், சிறைப்பட்டார். நடப்பதும் ஓர் உரிமை என்பதை நாடு அன்று கற்றது.

உரிமை கிடைத்தது, நடக்க இடம் கிடைத்ததா? நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒதுங்கி நடக்கும் உழவனைப் பாருங்கள். நாம் பாடம் சொல்லும் பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் சிறுமியைப் பாருங்கள். பின்னால் லாரியின் ஒலி கேட்டதும் அவள் மண்ணில் இறங்குகிறாள். சட்டம் 'வா' என்கிறது. சாலை 'போ' என்கிறது!

இதற்கு மாற்று இல்லையா? மோட்டார் வண்டியே வாழ்வென்றாகிவிட்ட அமெரிக்காவிலேயே ஒரு மாற்று உண்டு. பிட்ஸ்பர்க் நகரையும் கம்பர்லாந்து நகரையும் இணைக்கும் 'கிரேட் அலெகெனி பாசேஜ்' என்னும் பாதை 150 மைல் நீளமுடையது. நிலக்கரியும் எஃகும் சுமந்த இரயில்கள் நின்றுபோன பிறகு, அந்தத் தடங்களின் மீதே நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் என அது அமைக்கப்பட்டது. காருக்கும் லாரிக்கும் அங்கே இடமில்லை. மன்னன் ஆணையால் ஒரே நாளில் எழுந்த பாதையன்று அது. 1986-இல் ஒஹாயோபைல் என்னும் சிற்றூரின் அருகே 9 மைல் அளவில் தொடங்கிய பணி, 2013-இல்தான் நிறைவுற்றது. 27 ஆண்டுகள்! வழியிலே ஊர்கள் பல, உள்ளங்கள் பல, அனைத்தும் இசைய வேண்டுமன்றோ?

"என் வீட்டுப் பின்புறத்தில் அயலான் ஏன் நடக்க வேண்டும்?" இத்தகைய பாதை எங்கே அமைப்பினும் இக்கேள்வி எழும். இதனைத் தன்னலம் என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஏழையின் நிலத்தில் ஓரடியைப் பறிப்பதும் பறிப்பதே. கைவிடப்படும் இரயில் தடங்களைப் பாதைகளாகக் காத்து வைக்க 1983-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. நிலத்துக்கு உரிமை கோரியோர் வழக்காடினர். சட்டம் செல்லும் என்று 1990-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை இழந்தோர் இழப்பீடு கோரலாம் என்றும் கூறியது. பொதுநலம் வேண்டும், அதன் சுமை ஒருவன் தலையில் மட்டும் விழக்கூடாது. இதுவே நேர்மை.

எனினும் காசினால் நிலத்தை வாங்கலாம்; மனத்தை வாங்க முடியுமா? கிணறு வெட்டும் ஊர் தன் நீரைத் தானே குடிக்கலாம். பாதை அப்படிப்பட்டதன்று. தன் எல்லைக்குள் கிடக்கும் ஒரு மைலை ஓர் ஊர் தனக்கென வைத்துக்கொண்டால், அதனால் அவ்வூருக்கே பயனில்லை. அந்த ஒரு மைல் அறுந்தால் பாதையே அறுந்தது! அந்த ஒரு மைலை முன்பின் அறியாதவனுக்குத் தரும் ஊர், முன்பின் அறியாதவரிடமிருந்து 149 மைலைப் பெறுகிறது. கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே என்று நிறுத்துவது தருமம். எல்லோரும் கொடுத்து எல்லோரும் பெறுவது சமத்துவம். தருமத்தைப் போற்றிய நாட்டுக்குச் சமத்துவத்தைக் கற்பிக்க, ஒரு நடைபாதையும் பள்ளிக்கூடமாகலாம்.

இங்கே ஏரிக்கரைகள் உண்டு. வாய்க்கால் கரைகள் உண்டு. ஊரையும் சேரியையும் ஒரே கோட்டில் தொட்டுச் செல்லும் பாதை ஒன்றை அவற்றின் மீது அமைத்தால் என்ன? மாணவர்க்குத் தமிழக அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கியது; போற்றுகிறோம். அந்த வண்டி அச்சமின்றி ஓட வழி வேண்டாமா? 'எங்கள் தெரு வழியே அவர்கள் வருவதா?' என்ற பழைய குரல் எழத்தான் செய்யும். அக்குரலுக்கு வைக்கத்திலேயே விடை சொல்லியாயிற்று.

150 மைலும் 9 மைலில்தான் தொடங்கியது. நமக்கு ஒரு மைல் போதும். அந்த முதல் மைலைத் தர முன்வரும் ஊர் எது?