வர்றவனுக்குத் தெரியாதே

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். நவம்பரில் கோயம்புத்தூரில் உள்ள மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். ஐந்தாறு மாதம் ஆகும் என்றார். போவதற்கு முன் தன் பழைய டீசல் அம்பாசடரை ஓய்வுக்கு அனுப்பினார். வெறுமனே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போகவில்லை. ரேடியேட்டர் தண்ணீரை முழுக்க வடித்தார். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, கடைசிச் சொட்டும் நின்ற பிறகு, ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். காவி நிறத்தில் இன்னும் ஒரு கை தண்ணீர் வந்தது. கழற்றிய பித்தளை பிளக்குகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு சுருக்குப்பையில் போட்டார். பையின் கயிற்றை வண்டிச் சாவியின் வளையத்தில் இரண்டு முடிச்சாகக் கட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

“திரும்பி வந்து நீங்கதானே சார் வண்டியை எடுக்கப்போறீங்க? பிளக் கழட்டினது உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

“எனக்குத் தெரியும் தம்பி. வர்றவனுக்குத் தெரியாதே” என்றார்.

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதை எடுக்கப் போகும் கை முதலில் சுருக்குப்பையைத்தான் தொடும். அவர் சொன்ன வாக்கியம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. வருகிறவன் என்று அவர் யாரைச் சொன்னார்?

சுபேதார் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1780-ல் தொடங்கிய படை. அதன் தலைமையகம் இந்த அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தப் படை வீரர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் எங்கள் தெருவில் எல்லோரையும் தம்பி என்பார். பணிக்காலத்தில் கொஞ்ச நாள் லடாக்கில், பாங்காங் ஏரியில், ரோந்துப் படகுகளின் இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடல் மட்டத்துக்கு மேல் 4,200 மீட்டர் உயரத்தில், 130 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, இந்தியாவிலிருந்து திபெத்துக்குள் போகும் ஏரி. தண்ணீர் உப்புக்கரிக்கும். இருந்தும் குளிர்காலத்தில் கல்லாக உறைந்துவிடும். 2023 பிப்ரவரியில் அந்தப் பனியின்மேல் 21 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமே நடந்தது. ஏரி உறைவதற்கு முன்பு படகுகளைக் கரையேற்றி, இன்ஜின்களைக் குளிருக்குத் தயார்செய்துவிட வேண்டும்.

படகின் வயிற்றுக்குள் பொருத்திய இன்ஜினுக்கு அந்த ஏரித் தண்ணீர்தான் குளிர்ச்சி. பம்ப் அதை உறிஞ்சி, இன்ஜினின் நரம்புகளுக்குள் ஓடவிட்டு, வெளியே தள்ளும். கோடையில் அதைக் காப்பாற்றுகிற அதே தண்ணீர்தான் குளிர்காலத்தில் அதைக் கொல்லும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. வார்ப்பிரும்புக்கு விரிந்து கொடுக்கத் தெரியாது, வெடித்துவிடும். உள்ளே ஏதோ ஒரு பொந்தில் தங்கிய அரை டம்ளர் தண்ணீர் போதும் என்பார் சுபேதார். அதனால்தான் கம்பி. சொட்டு நின்றுவிட்டது என்பதற்காக உள்ளே காலி என்று நம்பக்கூடாது, துருவும் வண்டலும் துவாரத்தை அடைத்திருக்கும். அதற்குப் பிறகும் எங்காவது மிச்சம் நிற்குமே என்று உறையாத திரவத்தை ஊற்றி ஓடவிட்டு, புகைக்குழாய் வழியாக அதன் நிறம் வெளியே வரும்வரை காத்திருப்பார்கள். பழைய எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும் என்பதால் புது எண்ணெய். டேங்கில் காற்றுக்கு இடம் விட்டால் ஈரம் படியும் என்பதால் டீசலை முட்ட நிரப்புவார்கள். பேட்டரியைக் கழற்றி முழு சார்ஜில் வைப்பார்கள், இறங்கிய பேட்டரி சீக்கிரம் உறையும். டீசலே அங்கே மெழுகாகக் கெட்டிப்படும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை இளகி நிற்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில்தான் கொண்டுவந்தது. அவர் காலத்தில் அதுவும் இல்லை.

இவ்வளவையும் செய்துவிட்டு, கழற்றிய பிளக்குகளை சாவியிலோ ஸ்டியரிங்கிலோ கட்டிவிடுவார்கள். அவை இல்லாமல் வசந்தத்தில் ஒருவன் இன்ஜினைக் கிளப்பிவிட்டால், பம்ப் உறிஞ்சும் ஏரித் தண்ணீர் திறந்த துவாரங்கள் வழியே படகுக்குள்ளேயே கொட்டும். இன்ஜின் தன் படகைத் தானே மூழ்கடிக்கும்.

சரி. பெங்களூரில் எதற்கு இது? இந்த ஊரில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரி 13-ம் தேதி. இங்கே தண்ணீர் உறைய வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜுக்குள்தான் வைக்க வேண்டும். எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கேட்டேன். “காலியா விட்டா உள்ள துருதான் பிடிக்கும் சார். கூலன்ட் ஊத்தி அப்படியே விட்டிருக்கணும்” என்றார். அவர் சொல்வதுதான் சரி. சுபேதாரின் கை லடாக்கில் கற்றதை இங்கேயும் செய்துவிட்டது. தண்ணீரை வடித்தது தேவையில்லாத வேலை என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்குப்பையை மட்டும் என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. குளிர் பிரதேசத்துக்குத்தான் பொருந்தும் என்று அதைச் சொல்லிவிட முடியாது.

மன்னார்குடியில் பாட்டி வீட்டில் நவராத்திரி முடிந்து கொலு கலைப்பது நினைவுக்கு வருகிறது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்குவாள். நானும் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுப்பேன். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ‘தலை சிவப்புத் துணியில், அடியில் இருக்கிறது’ என்று எழுதி மேலே வைப்பாள். ஒவ்வொரு வருடமும் அவளேதான் அந்தப் பெட்டியைத் திறப்பாள், அவளேதான் அந்தச் சீட்டைப் படிப்பாள். எழுதியது யாரோ என்பதுபோல நிதானமாகப் படிப்பாள்.

அவள் போன பிறகு பெட்டியை அம்மா திறந்தாள். எல்லாச் சீட்டும் விளங்கின, ஒன்றைத் தவிர. கிருஷ்ணர் பொம்மை ஒன்றோடு, ‘இதை மேல்படியில் வைக்க வேண்டாம்’ என்று இருந்தது. ஏன் என்று இல்லை. பொம்மையில் விரிசல் கிடையாது. அதைச் சுற்றி ஏதாவது கதை உண்டா என்று கேட்க ஆளும் இல்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் அந்தக் கிருஷ்ணர் மேல்படி ஏறியதில்லை. அம்மா இதைக் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டாள். எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். காரணம் சொல்லாத எச்சரிக்கை, வருகிறவன் தலையில் வைக்கும் பாரமும்தானே?

எடுத்துவைப்பது பற்றி இன்னொரு நினைவும் உண்டு. கல்லூரி நூலகத்தில் நான்சென் எழுதிய துருவப் பயணப் புத்தகத்தைப் பாதி படித்தேன். பெரும்பகுதி மறந்துவிட்டது. ஃப்ராம் என்ற கப்பலில் 1893-ல் நார்வேயிலிருந்து கிளம்பி, வேண்டுமென்றே கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டார்கள். பனி நகரும் போக்கில் வடதுருவத்தை நெருங்கலாம் என்பது கணக்கு. கப்பல் பனியில் மாட்டியதும், ஆண்டன் அமுண்ட்சென் என்ற இன்ஜினியர் (தென்துருவம் போன ரோல்ட் அமுண்ட்சென் வேறு ஆள்) நீராவி இன்ஜினை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண்ணெய் தடவி எடுத்துவைத்த பக்கம் மட்டும் எனக்கு மறக்கவில்லை. எப்போது மறுபடி ஓட்டப்போகிறோம், ஓட்டுவோமா என்பதே தெரியாத நிலையில் செய்த வேலை. நான்சென் 1895 மார்ச்சில், ஒரே ஒரு துணையோடு, நாய்வண்டியில் துருவம் நோக்கிக் கப்பலைவிட்டு இறங்கிவிட்டார். கப்பல் பனியிலிருந்து விடுபட்டது 1896 ஆகஸ்டில். இன்ஜினைப் பிரித்து எடுத்துவைத்ததைப் பாசத்தோடு எழுதியவர், அது மறுபடி ஓடி அந்தக் கப்பல் வெளியே வந்தபோது அதில் இல்லை.

இதெல்லாம் என்னைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலையை விடுகிறேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனம். இந்த ஊரில் வேலை மாறுவது புதிதல்ல. தொண்ணூறு நாள் நோட்டீஸ், கடைசி வாரங்களில் ‘கேடி’ கொடுப்பது, ஒரு கேக், போய்வருகிறேன். கேடி என்றால் நமக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போவது. நான் வாங்கிய கேடிகளையும் கொடுத்தவற்றையும் இப்போது யோசிக்கிறேன். பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எல்லாமே நமக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியவை. எந்தப் பிளக்கைக் கழற்றி வைத்திருக்கிறோம் என்பது மட்டும் எங்கும் இருக்காது. அவசரத்துக்கு எதை நிறுத்திவைத்தோம், எதைத் தொட்டால் எது சரியும் என்பது நம் நினைவில்தான் இருக்கும். இருந்தால், அதுவும் நாற்பதாவது பக்கத்தில் இருக்கும். நள்ளிரவில் ஏதோ நின்றுபோய்ப் பதறி வருகிற பெண்ணோ பையனோ நாற்பதாவது பக்கம் வரை படிக்க மாட்டார்கள். நேராகச் சாவிக்குத்தான் கை போகும்.

சுபேதார் எதையும் விளக்கவில்லை, கை போகும் வழியில் பையைக் கட்டினார். பாட்டியின் சீட்டைவிட ஒருபடி மேலானது இது என்று சில நாள் தோன்றுகிறது. பையைத் திறந்தால் பிளக்கே காரணத்தைச் சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு பிளக் இருக்கிறதா? பாட்டியிடம் இருந்தது ஒருவேளை கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளே இல்லையோ என்னவோ. எழுதக்கூடியதை எழுதிவிட்டாள்.

போன வாரம் போனில் கேட்டேவிட்டேன். “வர்றவனுக்குன்னு சொன்னீங்களே சார், யாரை நினைச்சு சொன்னீங்க?” அவருக்கு அப்படிச் சொன்னதே நினைவில்லை. பேத்தியைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருக்கிறது, மே மாதம் வருவது சந்தேகம் என்றார். பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைக்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்து வரும் மனிதன், முழங்கால் வலியும் மறதியும் சேர்ந்த இன்னொருவனாக இருப்பான் என்று தன்னையே அப்படிச் சொன்னாரா, வேறு யாரோதான் அந்த வண்டியை எடுக்கப்போகிறார்கள் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருந்ததா, எனக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் ஒரே முடிச்சைத்தான் போட்டிருப்பார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எனக்குக் கடைசி நாள். எழுதி வைத்திருந்த ஆவணத்தின் முதல் பத்தியை அழித்துவிட்டு, நிறுத்தி வைத்திருக்கும் மூன்று விஷயங்களை மட்டும் அங்கே எழுதியிருக்கிறேன். என் இடத்துக்கு வருகிறவரை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை.