முயற்கறி

கல்முனைக்கு மேற்கே வயற்காவல் புரியும் முல்லைக்காரன் முயலுக்குக் கண்ணி வைக்கிறான். கண்ணி இறுகிச் செத்தது ஹறாம். எனவே உயிர் போகுமுன் அறுத்துவிட இருளிலேயே ஓடுகிறான். அவ்வாறு அறுத்த முயலொன்றைப் போடியார் வீட்டு விருந்தில் நானும் உண்டிருக்கிறேன்.

“வாயில்லாச் சீவனைக் கொல்வது அறமா?” என்று மாணவனொருவன் பின்னர் வினவினான். நியாயமான வினாவே, ஆயின் யாரை நோக்கி? கல்லோயாவை மறித்தபோது காடே நீரில் அமிழ்ந்தது. 1954இல் அந்நீர்த்தேக்கத்தைச் சூழத் தேசியப் பூங்கா அமைந்தது. அதனுள் வேட்டை குற்றம். அமிழ்ந்த காட்டின் உயிர்களுக்கோ வழக்கில்லை. அந்நீரில் விளைந்த சோற்றைப் புலால் மறுத்தோரும் உண்கின்றனர்.

பசித்தவன் தனக்கென வைக்கும் கண்ணியும், நம் நாச்சுவைக்காக அவன் வைக்கும் கண்ணியும் முயலுக்கு ஒன்றே. நமக்கு ஒன்றல்ல. விருந்தன்று அவனது வாடிக்குக் கறி போயிற்றா என்று நான் விசாரிக்கவில்லை.