உரையளவையும் உழைப்பாளர் நம்பிக்கையும்

காண்டல், கருதல், உரை என அளவை மூன்றென்பது சித்தாந்த நூல்களின் துணிபு. இவற்றுள் உரையாவது, கண்ணாற் காணவும் ஏதுவாற் கருதவும் இயலாத பொருளைத் தக்கார் சொல்லால் அறிதலாம். தக்கார் யாவரெனின், பொருளை உள்ளவாறு அறிந்தவரும், அறிந்ததனைத் தந்நலம் பற்றித் திரித்துக் கூறாதவருமாவர். இவ்விலக்கணம் முற்றும் நிறைந்தவன் இறைவன் ஒருவனே. ஆயினும், உலகியலில் ஒருவர் சொல்லை மற்றொருவர் நம்புதற்கும் இவ்விரண்டே காரணமென்க.

இதனை விளக்குவது 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தில் நேர்ந்ததொரு நிகழ்ச்சி. அமெரிக்க நாட்டு ஆப்பிள் நிறுவனத்திற்குக் கைப்பேசி செய்து தரும் தைவான் நாட்டுப் பாக்ஸ்கான் நிறுவனத்தின் ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தை அடுத்துள்ளது. அதில் உழைக்கும் மகளிர் பலர் பூந்தமல்லியை அடுத்த விடுதியொன்றில் தங்கியிருந்தனர். அங்கு உண்ட உணவு நஞ்சாகி, 159 பெண்கள் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்தனர் என்னும் வதந்தி எழுந்தது. இறந்தார் ஒருவரும் இலர். அதிகாரிகளும் அவ்வாறே கூறினர். எனினும் அச்சொல் உடனே கொள்ளப்பட்டிலது. பெண்கள் திரளாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர், ஆலையும் மூடப்பட்டது.

பொய்யை மெய்யெனக் கொண்டது அப்பெண்களின் அறியாமையேயன்றோ எனின், அற்றன்று. தோழியர் நோயுற்றதனை அவர் கண்டனர். தங்கிய அறையையும் உண்ட சோற்றையும் நாடோறும் அறிந்திருந்தனர். தொலைவிலுள்ள சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் வேண்டிய தரத்தில் இல்லை என ஆப்பிள் நிறுவனமே அம்மாத இறுதியில் ஒப்பி, அவ்வாலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12-இலேயே ஆலை மீளத் திறந்தது. ஆகலின், புகை கண்டு தீயுண்டெனக் கருதினார்க்குத் தீயின் அளவு பிழைத்ததேயன்றிப் புகை பொய்த்திலது. உரைப்போர்பால் நம்பிக்கை இல்வழிக் கருதலே தனித்து ஓடும். ஐயமும் திரிபும் அதனைப் பற்றும்.

மூன்று நாட்டார் கூடிய தொழிலாதலின், மொழியும் வழக்கும் வேறுபட்டமையே இதற்குக் காரணமென்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. பொருள் வாங்குவோர், செய்விப்போர், ஒப்பந்தக்காரர், விடுதி காப்போர் எனச் சொல் கைமாறுந்தோறும் அறிவு குறைகின்றது, தந்நலம் மிகுகின்றது. கெடுவது இவ்விடத்தேயாம். ஜப்பானிய டொயோட்டா ஆலையிலோ, பிழை கண்ட எத்தொழிலாளியும் கயிற்றை இழுத்தறிவிக்கலாம். பிழை தீராதாயின் வேலை நிற்கும். கடைநிலை உழைப்பாளியின் சொல்லும் அங்கே அளவையாகக் கொள்ளப்படுகின்றது. தன் சொல்லைக் கொள்வார் சொல்லையே மனிதன் கொள்வன்.

இப்படிப்பினைக்கு அயல்நாடு செல்லவும் வேண்டா. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். அவ்வூர்க்கு வந்த வணிகனொருவன், தன் மனைவியெனச் சொல்லித் தொடர்ந்தவளைப் பேயென்றஞ்சினான். ஊர் வேளாளர் அவள் சொல்லை நம்பி, 'உன் உயிர்க்கு இடர் வரின் எம் உயிர் தருவோம்' எனப் பிணை நின்று, அவனை அவளோடு இருத்தினர். அவள் நீலியென்னும் பேயே; இரவில் அவனைக் கொன்றாள். வேளாளர் எழுபதின்மரும் சொற்காத்துத் தீப்புகுந்தனர் என்பது வழிவழி வழங்கும் வரலாறு. அவர் ஆராய்ச்சியிற் பிழைத்தனர், வாய்மையிற் பிழைத்திலர்.

ஆலைத் தலைவரைத் தீப்புகுமாறு இன்று எவரும் கேட்பதில்லை. 'உனக்குக் கேடு வாராது' என்பவர், வரும் கேட்டிற் பங்கு கொள்ளல் வேண்டுமென்பதே கருத்து. பெண்கள் உண்ணும் சோற்றை மேலாளரும் உண்பாராக. நோயுற்றாள் எங்குள்ளாள் என்பதனைக் கேளாமுன்னே அவள் தோழியர்க்கு அறிவிப்பாராக. குறை கூறினாள் வேலை இழவாதிருப்பாளாக. கும்மிடிப்பூண்டி முதல் சுங்குவார்சத்திரம் வரையுள்ள தொழிற்பேட்டைகளில் இவை நிகழுமாயின், இடர் வந்த நாளில் ஒரு சொல்லே சாலும். நிகழாவாயின், ஆயிரம் அறிவிப்பு ஒட்டினும் அவை உரையளவை ஆகா, வெறும் ஓசையேயாம்.