அவசரப்படாத நான்கு நகர்வுகள்

1972 ஜூலை 23. ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். ராஜாவின் சிப்பாயை முன்னே விட்டே பேர் வாங்கிய பாபி ஃபிஷர் அன்று சி4 என்று தொடங்கினார். மூன்றாவது நகர்வில் டி4. ஆட்டம் பழைய குயின்ஸ் கேம்பிட்டுக்குள் வந்து சேர்ந்தது. எதிரே சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி, தனக்கு நன்கு பழகிய டார்டகோவர் தற்காப்பில்.

*

டி4இல் வந்து நிற்கும் சிப்பாய்க்குப் பின்னால் ராணி இருக்கிறது. அடியெடுத்து வைத்த கணமே அதற்குக் காவல் உண்டு. இ4 சிப்பாய்க்கு அது வாய்ப்பதில்லை. அதனால்தான் இந்தத் திறப்பில் சண்டை மெல்ல வருகிறது.

*

கறுப்பின் சி5, டி5 சிப்பாய்கள் அருகருகே நின்றவரை நடுக்களம் காவலில் இருந்தது. 20ஆவது நகர்வில் ஃபிஷர் இ4 ஆட, ஸ்பாஸ்கி டி4 என்று முன்னேறினார். சி4 கட்டம் காவலை இழந்தது. 23ஆவது நகர்வில் வெள்ளை மந்திரி அங்கே வந்து அமர்ந்தது.

சிப்பாய் திரும்பி வராது. அது முன்னே வைக்கும் ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஒரு கட்டம் கைவிடப்படுகிறது.

*

31ஆவது நகர்வில் வெள்ளைச் சிப்பாய் இ6வரை ஏறிவிட்டது. இனிப் பாய வேண்டியதுதான் என்று நமக்குத் தோன்றும். ஃபிஷர் பாயவில்லை. 33இல் ஓரச் சிப்பாயை நகர்த்தினார். 34இல் ஒரு யானையை ஒரு கட்டம் ஏற்றினார். 35இல் அதே யானையை இன்னொரு கட்டம். 36இல் மந்திரியை ஓரடி பின்னுக்கு இழுத்தார். அந்த நேரமெல்லாம் கறுப்பு ராணி டி8, இ8, டி8, இ8 என்று அலைந்தது.

எதிராளிக்கு வழி திறந்திருக்கையில் காத்திருந்தால் அது தயக்கம். அவர் வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருப்பது வலிமை. அப்படிக் காத்திருந்த நேரத்திலும் ஃபிஷர் வேலை செய்துகொண்டிருந்தார். டி3 மந்திரியும், அடுத்து இ4க்கு வந்த ராணியும் ஒரே சாய்கோட்டில் கறுப்பு ராஜாவின் கோட்டையைக் குறிவைத்தன. 38இல் குதிரைக்கு யானையைக் கொடுத்தார். 41இல் ஸ்பாஸ்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

*

அந்தப் போட்டியில் ஃபிஷர் முதன்முறையாக முன்னிலை பெற்றது அன்றுதான். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். தோற்ற ஸ்பாஸ்கியும் அவர்களோடு சேர்ந்து கைதட்டினார். தன்னை வென்ற ஆட்டத்தின் அழகை அந்த நொடியிலேயே ஒப்புக்கொள்ள முடிந்தவர் அவர். என் மதிப்பில் அந்தக் கைதட்டல் ஃபிஷரின் வெற்றிக்குக் குறைந்ததல்ல.

*

பலகையை எடுத்து இந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிப் பாருங்கள். 33ஆவது நகர்வில் நிறுத்தி, கறுப்பு என்ன ஆடலாம் என்று நீங்களே தேடுங்கள்.