நன்றியைப் பார்த்தெழுத முடியுமா?

படைவீரர் கொடி நாள் 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் வருகிறது. உண்டியல் குலுங்குகிறது; சிறு கொடி சட்டையில் ஏறுகிறது. 2016 தீபாவளியின்போது வீரர்களுக்கு வாழ்த்து அனுப்புமாறு தலைமையமைச்சரே நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். எல்லையில் நிற்போருக்குப் பள்ளிப் பிள்ளைகள் கடிதம் எழுதுவது நன்றியுணர்வுப் பாடம் என்று போற்றப்படுகிறது. நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், எழுதுவது பிள்ளையாக இருந்தால்! ஆசிரியர் கரும்பலகையில் எழுத, நாற்பது பிள்ளைகள் பார்த்தெழுத, நாற்பது உறைக்குள்ளும் ஒரே வாசகம் போகுமானால், அங்கே கற்பிக்கப்பட்டது நன்றியன்று, கையெழுத்து. அதனோடு, கேள்வி கேளாமல் கீழ்ப்படியும் பழக்கமும்.

வீரனுக்கு நன்றி வேண்டாம் என்போர் அல்லர் நாம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,000 அடிக்கு மேலே, பனிச்சரிவு ஒரு காவல் முகாமை மூடியது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேர் மாண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். பகைவன் சுட்டதால் அன்று, பனி விழுந்ததால்! வீரன் என்றதும் வெற்றி முழக்கத்தை மட்டும் நினைக்கப் பழகிய பிள்ளைக்கு இந்தச் சாவு விளங்காது. குளிர், தனிமை, ஊரில் காத்திருக்கும் கடன், மாதச் சம்பளத்தை எதிர்நோக்கும் தாய், இவற்றை அறிந்த பிள்ளைக்கே விளங்கும். அறியாத ஒன்றுக்கு நன்றி சொல்ல எவராலும் ஆகாது, நடிக்கத்தான் ஆகும்.

இந்தக் கடிதப் பாடம் கொல்லிமலைப் பள்ளிக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கடந்தால், செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆடியில் அரசே விழா எடுக்கிறது. அந்த ஓரியைப் புறநானூற்றில் வன்பரணர் காட்டும் விதம் பாருங்கள். காட்டில் வேடனாய் நிற்பவன் யாரென உறுதியாய் அறியாமலே பாணர் கூட்டம் பாடுகிறது. தன்னைக் குறிக்கும் சொல் காதில் விழுந்ததும் அவன் நாணுகிறான். ஊனும் பொன்னும் தருகிறான். மற்றொரு பாட்டில், அவனிடம் வயிறார உண்டவர்கள் ஆடமாட்டாமல், பாடவும் மறந்துபோகிறார்கள். அதைப் புலவர் குற்றமாகவா சொன்னார்? கொடையின் நிறைவாக அல்லவா சொன்னார்! அந்த மலையின் பிள்ளையிடம் போய், வரிசையில் நின்று நன்றி சொல் என்று அதட்டுவது எத்துணைப் பொருந்தாமை!

நன்றிக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘என் உப்பைத் தின்றவன்’ என்று பண்ணையார் உறுமியபோது உழவனின் வாயை அடைத்தது அந்த முகம்தான். செஞ்சோற்றுக் கடனுக்காகக் கர்ணன் தீயோர் பக்கம் நின்று மடிந்ததைக் கண்ணீர் மல்கச் சொல்கிறார்கள். அவன் அறிவைக் கொன்றது எது என்று கேட்பார் இல்லை. வள்ளுவர் எண்ணிப் பார்த்தார். செய்ந்நன்றியறிதலை 11-ஆம் அதிகாரமாக வைத்தவர், அடுத்து 12-ஆவதாக நடுவு நிலைமையை வைத்தார். பெற்ற நன்றியை நினைக்கும்போது நடுநிலை சிதையக்கூடும், அங்கும் சிதையலாகாது என்பதற்கே இந்த வைப்பு என்கிறார் பரிமேலழகர். அவரோடு நமக்குப் பல இடங்களில் வழக்குண்டு, இங்கே இல்லை. வீரனிடம் நன்றி கொண்ட பிள்ளை, போர் எதற்கு என்றும் கேட்கலாம். கேட்டதனால் நன்றி குறைந்துவிடாது.

அப்படியானால் கடிதம் வேண்டாமா? வேண்டும். படைவீரனுக்குப் போகும் உறையில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும், பிறகு ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்பதும்தான் இருக்கும். ஊர்ப் பெயர் இராது. அந்த வெற்றிடத்திலேயே பாடம் தொடங்கட்டும். அவர் எங்கே இருக்கிறார், ஊரை ஏன் எழுதக்கூடாது என்று பிள்ளை கேட்கட்டும். பிறகு, தனக்குத் தெரிந்ததை எழுதட்டும்: மிளகுக்கொடி, சாமைக் கதிர், காலையில் பள்ளியை மறைக்கும் மூடுபனி, பேருந்து வராத நாளில் நடந்த தொலைவு. பிழை இருந்தால் இருக்கட்டும். ஆசிரியர் சிவப்பு மையைத் தொட வேண்டாம். எழுத மனமில்லாத பிள்ளை எழுதாமல் இருக்கட்டும். அதன் பெயரைக் குறித்துவைக்கவும் வேண்டாம். அந்த வளைவுகள் வழியே கடிதப் பையை இறக்கிச் செல்பவர் யார் என்றும் அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்கும்.