கேட்காமல் எடுத்த பதிவு

1975 ஏப்ரல் 26ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் பிங்க் ஃபிளாய்ட் குழு நடத்திய கச்சேரியை மைக் மில்லார்ட் என்ற ரசிகர் யாரிடமும் அனுமதி கேட்காமல் கேசட்டில் பதிவு செய்தார். 2025 டிசம்பரில் ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, ஸ்டீவன் வில்சன் சீர்செய்து கொடுத்த அதே பதிவு அதில் அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. அன்று கருவியோடு பிடிபட்டிருந்தால் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கக் கூடியவர், இன்று அந்தக் குழுவின் வரலாற்றுக்கு உதவியவராகக் குறிப்பிடப்படுகிறார். இடைப்பட்ட காலத்தில் ரசிகர்கள் அந்த நாடாவின் நகல்களைக் கைமாற்றினார்கள்; இரைச்சலைக் குறைத்தார்கள், வேகத்தைத் திருத்தினார்கள், மேலும் மேலும் தெளிவாக்கினார்கள். கேட்காமல் எடுத்த ஒன்றை அன்போடு துலக்குவது தொண்டா, எடுத்த குற்றத்துக்கு உடந்தையா?

பதிவு செய்தவர்களின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. புதுப் பாட்டை முதலில் மேடையில் வாசித்துப் பார்த்து, பிறகு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோவது பிங்க் ஃபிளாய்டின் வழக்கம். லாஸ் ஏஞ்சலஸ் நாடாவில் ‘ரேவிங் அண்ட் ட்ரூலிங்’, ‘யூ காட்டா பி கிரேஸி’ என்று இரண்டு பாடல்கள் இருக்கின்றன. அவை 1977இல் ‘அனிமல்ஸ்’ தொகுப்பில் ‘ஷீப்’, ‘டாக்ஸ்’ என்று பெயரும் வரிகளும் மாறி வந்தன. ஒரு பாட்டு எப்படி உருமாறியது என்பதற்கு இந்த மாதிரி நாடாக்கள்தான் சாட்சி. பல தடங்களில் பதிவு செய்யும் கருவிகளைக் கச்சேரிக்குக் கச்சேரி இழுத்துச் செல்வது செலவு பிடித்த வேலை. ஒவ்வோர் இரவையும் பதிந்து வைக்கும் வழக்கம் அன்று இல்லை. கூட்டத்தில் ஒருவர் மைக்கை உயர்த்திப் பிடிக்காவிட்டால் பல இரவுகள் சுவடில்லாமல் போயிருக்கும்.

எதிர்த்தரப்பும் லேசானதல்ல. 1972 பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பின் ஆரம்ப வடிவம் முழுவதையும் குழு வாசித்தது. அசல் தொகுப்பு 1973 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன்பே ரெயின்போ கச்சேரியின் கள்ள இசைத்தட்டு விலைக்குக் கிடைத்தது. 1974 நவம்பரில் ஸ்டோக் நகரக் கச்சேரியின் ரசிகர் பதிவுக்கும் அதே கதி: அதுவரை எந்தத் தொகுப்பிலும் வராத மூன்று புதுப் பாடல்கள், பாட்டு வரிகளை அச்சிட்ட உறையோடு, குழுவுக்கு ஒரு காசும் போகாமல் விற்பனையாயின. இதில் பண நஷ்டம் ஒரு பங்குதான். இன்னும் முடியாத வேலை, முடிந்த பொருளைப் போல ஊர் முழுக்கப் பரவிவிட்டது என்பதே பெரிய நஷ்டம். வேலை முடியும்வரை தவறவும் தடுமாறவும் கலைஞனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கள்ளப்பதிவு அவனைக் கேட்காமலே பறித்துவிடுகிறது.

கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃபிரிப் இதைவிட ஆழமாகப் போகிறவர். கச்சேரியில் படம் எடுப்பதையும் பதிவு செய்வதையும் பல ஆண்டுகள் வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். வாசிப்பவர்களும் கேட்பவர்களும் ஒருவருக்கொருவர் முழுக் கவனம் கொடுக்கும் நேரத்தில், ஒருவர் மட்டும் தனக்காக எதையோ எடுத்துக்கொண்டிருந்தால் அந்த உறவு குலைகிறது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். இந்த வாதத்துக்குப் பண இழப்பு தேவையே இல்லை. அதனால்தான் இதற்குப் பதில் சொல்வது கடினம். மில்லார்ட் தன் கனமான பதிவுக்கருவியை அரங்குக்குள் கொண்டுபோக, நடக்க முடியாதவரைப் போலச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனதுண்டு. சாமர்த்தியம் என்று ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும் இந்தச் செய்தியில், உண்மையாகவே சக்கர நாற்காலியில் வருபவர் மீது வாசல் காவலருக்குச் சந்தேகத்தை விதைக்கும் ஒரு பொய்யும் இருக்கிறது.

விற்கக் கூடாது, நகல் எங்கிருந்து வந்தது என்று மறைக்கக் கூடாது, அதிகாரபூர்வமாக வெளியானதைச் சுற்றுக்கு விடக் கூடாது என்று நாடா பரிமாறிக்கொள்ளும் ரசிகர்கள் தமக்குள் ஒரு நெறி வைத்திருக்கிறார்கள். கள்ள இசைத்தட்டு வியாபாரிக்கும் இவர்களுக்கும் இடையே இந்த நெறி உண்மையான வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆனாலும் அது முழு விடுதலை தராது. தனக்குச் சொந்தமில்லாததை இலவசமாகக் கொடுப்பதால் அது தன் சொத்தாகிவிடாது. பணம் வாங்காதது பேராசை இல்லை என்பதைக் காட்டும். அனுமதி இருந்தது என்பதைக் காட்டாது.

இனி துலக்கும் வேலைக்கு வருவோம். பழைய கேசட் ஒன்று கைக்கு வந்தால் நல்ல மெருகாளர் முதலில் தொடுவது ஒரு சின்ன திருகாணி. பதிவானபோது கருவியின் தலை நாடாவோடு எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதே கோணத்தில் இப்போது ஒலிக்கும் கருவியின் தலையும் இருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் சிம்பலின் கணீர் ஒலி மங்கிப் போர்வைக்குள் போய்விடும். அடுத்தது வேகம். பதிவின்போது பேட்டரி தளர்ந்து மோட்டார் மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் ஒலிக்கும்போது சுருதி ஏறித் தெரியும். அதை இறக்க வேண்டும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம்தான். பக்கம் மாற்றும் நேரத்தில் பாட்டில் ஒரு துண்டு விழுந்துபோகும். அதே இரவில் வேறொருவர் எடுத்த பதிவு கிடைத்தால் அதிலிருந்து வெட்டி இடைவெளியை நிரப்புவார்கள். இதுவரை செய்வதெல்லாம் மங்கியதைத் தெளிவாக்கும் வேலை, அல்லது விழுந்ததை அதே இரவின் ஒலியால் ஈடுகட்டும் வேலை.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. நாடாவின் ‘ஹிஸ்’ இரைச்சலை அளவுக்கு மீறிக் குறைத்தால் சிம்பலின் ஒலி தேய்ந்து அடங்கும் அந்த வால் பகுதியும் சேர்ந்து போகும். பக்கத்து இருக்கைக்காரரின் விசிலையும் கூச்சலையும் துடைத்தால் கேட்க இதமாக இருக்கும்; ஆனால் அரங்கு வெறிச்சோடிப் போகும். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஒன்றாகக் கலந்த ஒலியிலிருந்து குரலையும் கிதாரையும் டிரம்ஸையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. பிரிக்கும்போது காதுக்குப் பிடிபடாத இடங்களை ஊகத்தால் இட்டு நிரப்பவும் செய்கின்றன. அந்த ஊகத்தை அன்று அந்த மேடையில் யாரும் வாசிக்கவில்லை. ஏட்டுச்சுவடி பதிப்பிப்பவர் சிதைந்த இடத்தில் தன் சொந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டு அடைப்புக்குறி போடாமல் விட்டால், அடுத்த தலைமுறை அதையே மூலபாடம் என்று நம்பும். ஒலியிலும் அதே ஆபத்துதான்.

கள்ளப்பதிவு கலைஞனிடமிருந்து ஒரு முறை எடுத்துக்கொண்டது. சொல்லாமல் செய்த மெருகு, அவன் வாசிக்காததை அவன் வாசித்ததாகக் காட்டி, இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது. எனவே மெருகாளரின் முதல் கடமை, செய்ததை எல்லாம் எழுதி வைப்பது. எத்தனையாவது நகல், எந்தக் கருவியில் ஓட்டியது, எங்கே ஒட்டுப் போட்டது, எதை நீக்கியது என்று பதிவோடு சேர்த்தே சொல்ல வேண்டும். தொடாத மூல நகலையும் அப்படியே காத்து வைக்க வேண்டும். பின்னால் வருபவர் இதைவிட நன்றாகச் செய்யவும் இதிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்கவும் அது ஒன்றே வழி.

காலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1972இல் முடியாத பாட்டு கசிந்தது கேடு. அந்தத் தொகுப்பு வந்து அரை நூற்றாண்டான பிறகு அதே கசிவு யாருடைய வேலையையும் கெடுப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கலைஞனுக்கு நேரும் தீங்கு குறைந்து, வரலாற்றுக்குக் கிடைக்கும் பயன் கூடுகிறது. ஆனால் காலம் தானாக அனுமதி கொடுத்துவிடாது. கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தாக வேண்டும். கிங் கிரிம்சனின் சொந்த நிறுவனமே பழைய கள்ளப்பதிவுகள் சிலவற்றை ரசிகர்களுக்கு விற்கிறது. பதிவு செய்வதை எதிர்த்தவரின் குழுவே இதைச் செய்வது முரண்பாடு போலத் தோன்றலாம். அது முரண்பாடு அல்ல. எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அங்கே உரியவர் கைக்குத் திரும்பியிருக்கிறது. பிங்க் ஃபிளாய்ட் மில்லார்டின் நாடாவைத் தன் பதிப்பில் சேர்த்ததும் அதே வகையான திரும்புதல். அதனால் 1975இல் கேட்காமல் எடுத்தது சரியாகிவிடவில்லை. ஆனால் எடுத்தவர் அதைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் திருப்பிக் கொடுக்க ஒன்று இருந்தது.

ஆக, ரசிகர் பதிவை வைத்திருப்பவரும் துலக்குபவரும் தங்களை உரிமையாளர்களாக நினைக்காமல், பொருளுக்கு உரியவர் வரும்வரை பார்த்துக்கொள்ளும் காவலர்களாக நினைத்தால் அறத்தின் பக்கம் நிற்க முடியும். காவலருக்கான சோதனையும் எளியது. கலைஞர் ‘இதைப் பரப்ப வேண்டாம்’ என்று சொன்னால் மறுபேச்சின்றி நிறுத்த வேண்டும்; அவரே வெளியிட முன்வந்தால் கையிலிருக்கும் நல்ல நகலைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் எதற்கு மனம் வராவிட்டாலும், துலக்கிய அத்தனை இரவுகளின் உழைப்பும் வெறும் உடைமைப் பித்து என்றே ஆகும்.